மாதிரிக்காரர் ஹார்பின் போன கதை

மனிதர்களில் மாதிரிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பெயர் நான் வைத்தது. ஆள் உங்களுக்குத் தெரிந்தவர்தான். எதைக் காட்டினாலும் அது இன்னொன்றின் மாதிரி இருக்கிறது என்று சொல்லாமல் இவரால் நகர முடியாது. ஒரு மாம்பழத்தை நறுக்கிக் கொடுங்கள். "நல்லா இருக்கு, பாகிஸ்தான் மாம்பழம் மாதிரி" என்பார். சரி என்று பாகிஸ்தான் மாம்பழத்தையே வாங்கி வந்து கொடுங்கள். "பரவாயில்ல, நம்ம ஊர் மாம்பழம் மாதிரி" என்பார். அவர் வாயில் எந்த மாம்பழமும் அந்த மாம்பழமாகவே இருந்ததில்லை.

இந்த இனம் உலகமெங்கும் உண்டு என்றாலும், வளைகுடாவில் கொஞ்சம் கூடுதலாகவே செழிக்கிறது. காரணம் எளிது. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் இருக்கிறது. மாலுக்குள் கால்வாய் ஓடும். கூரையில் வானம் வரைந்திருக்கும். இத்தாலியத் தொப்பி போட்டுப் படகு தள்ளுகிறவர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்திருப்பார். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி கொதிக்க, உள்ளே பனியில் சறுக்குவார்கள். குளிர்காலம் வந்து நாட்டுக்கொரு பெவிலியன் கட்டிவைக்கும் குளோபல் வில்லேஜ் பொருட்காட்சி திறந்தால் ஒரே மாலையில் எகிப்து, ரஷ்யா, ஜப்பான் மூன்றையும் முடித்து, நடுவில் ஒரு ஷவர்மாவும் சாப்பிட்டு, பத்து மணிக்குள் பார்க்கிங்கில் காரைத் தேடிக்கொண்டிருக்கலாம். இப்படி நகலை முதலில் பார்த்தவர்கள் என்றைக்காவது அசலின் முன்னால் போய் நின்றால் என்ன ஆகும்? அசல் தோற்றுப்போகும். வேறென்ன?

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரோடு சென்ற ஜூலையில் ஆறு நாள் பயணம் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பெயர் இன்பமணி. கன்னியாகுமரிப் பக்கம் முட்டத்துக்காரர். அஜ்மானில் எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. தினமும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகிறவர். வேலை என்ன தெரியுமா? வில்லாக்களின் வாசலுக்கு ரோமானியத் தூண் செய்வது. ஜிப்சத்திலும் ஃபைபரிலும் அச்சு வார்த்து, மேலே பளிங்கு மாதிரி வண்ணம் அடித்து நிறுத்துகிற கம்பெனியில் ஃபோர்மேன். தூண் சரியாக அமைந்திருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். 'டொக் டொக்' என்று கேட்க வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதியானால்தான் அவருக்குத் திருப்தி. இருபது வருடமாகத் தட்டித் தட்டி, இப்போது எதைப் பார்த்தாலும் கை தானாகப் போகிறது. தர்பூசணியைத் தட்டுவார், லிஃப்ட் கதவைத் தட்டுவார், கீழ்வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய காரைத் தட்டி அவர் மனத்தைப் புண்படுத்தினார்.

அவர் மனைவி ஜோஸ்மி, நர்ஸ். மகன் சுபின் ஊரில் படிக்கிறான். பொறுமை அவருக்குத் தொழிலிலேயே பழகிய ஒன்று.

கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போகலாம் என்றுதான் அவர்கள் முதலில் நினைத்தார்கள். ஆனால் விசாவுக்கு நேரில் வரத் தேதி கேட்டால் நவம்பரில் வாருங்கள் என்றார்கள். டிராவல்ஸ்காரர் யோசித்துவிட்டு, "அண்ணே, யூரோப் மாஃபி, கெடையாது. ஆனா சைனால யூரோப் மாதிரி ஒரு ஊர் இருக்கு. குளிரா வேற இருக்கும்" என்று சொல்லி ஹார்பின் நகரத்தின் படத்தைக் காட்டினார். 'மாதிரி' என்ற சொல் காதில் விழுந்ததும் இன்பமணி இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாராம். ஜோஸ்மி பார்த்தது வேறு. சிவப்புச் செங்கல்லில், வெங்காயம் போன்ற பச்சைக் கோபுரத்தோடு ஒரு பழைய ரஷ்யத் தேவாலயம். அதன் முன்னால் தரையில் புரளும் வெள்ளை கவுனில் ஒரு பெண்.

"அந்த உடுப்பு அங்கயே வாடகைக்குக் கிடைக்குமாம் மக்களே" என்று விமானத்தில் என்னிடம் சொன்னார். "போட்டோ எடுக்கவும் ஆள் உண்டாம். எனக்க கல்யாணத்துக்கு இப்பிடி ஒரு கவுன் போடணும்னு ஆசப்பட்டேன். மாமியாரு பட்டுச் சேலதான்னு சொல்லிட்டாவ. அதோட முடிஞ்சு. இருபத்திரண்டு வருஷமாச்சு. ஒரே ஒரு போட்டோ. அவியளும் பக்கத்துல நிக்கணும்."

இதைவிடச் சின்ன ஆசை ஒன்று இருக்க முடியுமா? ஆனால் பக்கத்தில் நிற்க வேண்டியவர் மாதிரிக்காரர்.

பெய்ஜிங்கில் இறங்கி ரயிலில் ஏறினோம். ஐந்து மணி நேரம் அம்பு போலப் பறந்தது ரயில். "துபாய் மெட்ரோ மாதிரிதான்" என்றார் இன்பமணி. "ஆனா நம்ம மெட்ரோக்கு டிரைவர் கெடையாது. இவனுவளுக்கு இன்னும் டிரைவர் வேண்டியிருக்கு." ஹார்பினில் இறங்கி நிலையத்துக்கு வெளியே வந்ததும் முகத்தில் சிலுசிலுவென்று காற்று அடித்தது. அன்று காலைதான் அஜ்மானில் கார் ஸ்டியரிங்கைத் துணி சுற்றிப் பிடித்ததாகத் தம்பியிடமிருந்து எனக்குச் செய்தி வந்திருந்தது. எங்கள் சுற்றுலாக் குழுவின் பதினொரு பேரும் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுக் காற்று வாங்கினோம். இன்பமணி கண்ணை மூடி மூச்சை இழுத்தார். நல்லது, இப்போதாவது அனுபவிக்கிறார் என்று நினைத்தேன்.

"ஏசிய இருபத்திமூணுல வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

மத்திய வீதி என்று ஒரு பெரிய கடைத்தெரு. வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இரண்டு பக்கமும் ரஷ்யர்களும் மற்றவர்களும் ரயில் பாதை போட வந்த காலத்தில் கட்டிய கட்டடங்கள். வளைந்த பால்கனிகள், மாடத்தைத் தோளில் தாங்கும் சிலைகள், தரையில் ரொட்டித் துண்டுகளை அடுக்கியது போல நூறு வருடம் பழைய கருங்கற்கள். இன்பமணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கற்களைத் தட்டினார். "இன்டர்லாக். நம்ம பில்டிங் பார்க்கிங்ல போட்ட மாதிரி." ஆற்றங்கரைக்குப் போனோம், சொங்ஹுவா ஆறு அகண்டு கிடந்தது, "அஜ்மான் கடற்கர கோர்னிஷ் மாதிரி, தண்ணி மட்டும் கலங்கலு." தலையணை அளவுக்கு ஒரு ரஷ்ய ரொட்டியை வாங்கி வந்தார்கள். அதற்கும் தயங்கவில்லை: "குபூஸ் ரொட்டியப் போட்டுட்டு அடுப்புலயே மறந்து போன மாதிரி."

தேவாலயத்தின் முன்னால் அன்று மாலை வந்து சேர்ந்தோம். புறாக்கள் எழுந்து பறந்து மறுபடி அமர்ந்தன. சதுக்கம் முழுக்க இளவரசிகள். வாடகைக் கவுனும் தலையில் கிரீடமும் அணிந்த சீனப் பெண்கள் ஆளுக்கொரு புகைப்படக்காரரோடு நின்றார்கள். ஜோஸ்மி கைகளைக் கோத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரஷ்யா பெவிலியன் மாதிரி" என்றார் இன்பமணி.

வழிகாட்டிப் பெண் லின் மரியாதையாக ஆங்கிலத்தில் விளக்கினாள். இது எதன் மாதிரியும் இல்லை ஐயா, உண்மையானது, நூறு வருடம் ஆகிவிட்டது. இந்த இனத்தாரின் முக்கியமான சடங்கு ஒன்று இந்த இடத்தில்தான் நடக்கும், கவனமாகப் பாருங்கள். எல்லோரும் தேவாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டி நின்று, ஐந்து வருடத்துக்கு முந்தைய குளோபல் வில்லேஜ் படத்தைக் கைப்பேசியில் தேடத் தொடங்கினார். மஞ்சள் வெளிச்சம் மங்கிச் சிவப்பாகி, சிவப்பு சாம்பலானது. தேடினார். கிடைத்தது. ஜிப்சம் கோபுரத்தின் முன்னால் அவர் பாப்கார்ன் சாப்பிடுகிற படம்.

"பாரும்மா. இதுல ஃபினிஷிங் பாரு, அதுல ஃபினிஷிங் பாரு" என்று லின்னிடம் இரண்டையும் காட்டினார். பிறகு அசலிடம் போய் விரல் முட்டியால் தட்டினார். சத்தமே வரவில்லை. இன்னொரு முறை தட்டிவிட்டு விரலை ஊதிக்கொண்டார். "செங்கல்லுதான்" என்றார், குற்றம் கண்டுபிடித்தவர் குரலில். "இதுக்கு என்னத்துக்கு இம்புட்டு செங்கல்லு? நாங்களா இருந்தா நாலு நாள்ல நிப்பாட்டிருவோம்."

முதல் நாள் மாலை இப்படிப் போயிற்று. ஜோஸ்மியின் படம் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று.

இரண்டாம் நாள் ஒரு பேரிடர் நிகழ்ந்தது. மாதிரிக்காரர் இன்னொரு மாதிரிக்காரரைக் கண்டுகொண்டார். ஸ்ரீகாந்த் தோஹாவில் நஜ்மா பகுதியில் இருக்கிறவர். பெய்ஜிங்கில் எங்கள் குழுவோடு சேர்ந்துகொண்டவர். அதுவரை சளி பிடித்து அடங்கிக் கிடந்தார். அன்று தேறிவிட்டார். ஒரு பழைய வங்கிக் கட்டடத்தின் தூண்களைப் பார்த்து, "அப்படியே தோஹா மாதிரி சார்" என்றதும் இன்பமணி திரும்பிப் பார்த்தார். நெடுநாள் காணாமல் போன அண்ணனைப் பார்ப்பது போலவும், எல்லைக் கல்லைத் தள்ளிப்போட்ட பக்கத்து வீட்டுக்காரனைப் பார்ப்பது போலவும் இருந்தது அந்தப் பார்வை.

"தோஹாவா? ஓய், இது ஷார்ஜா யுனிவர்சிட்டி ரோடு வில்லா மாதிரி. நான் போட்ட தூணு."

"சார், எங்க மால்ல கால்வாயே இருக்கு. போட்டே போகுது."

"எங்க மால்லயும்தான் போகுது. எங்களுக்கது பெரிய போட்டு."

"எங்க போட்காரன் பாடுவான் சார்."

இன்பமணி பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "எங்களுக்க ஆளு பாடாமலே நல்லா தள்ளுவான்" என்றார். அந்த வங்கி வாசலிலேயே ஒன்றரை மணி நேரம். ஹார்பின் நகரம் அவர்களுக்கு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது; அவர்கள் அதன் நடுவில் நின்று துபாயையும் தோஹாவையும் சுற்றிப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் மாலையும் போயிற்று.

மூன்றாம் நாள்தான் கடைசி. மறுநாள் விடியற்காலை ரயில். ஹார்பின் சீனாவின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் கோடையில் நாலு மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. சாயங்காலம் ஏழே காலுக்கு வெளிச்சம் போய்விடுகிறது. அதனால் ஜோஸ்மி இந்த முறை நர்ஸ் வேலையில் கற்ற ஒழுங்கோடு இறங்கினார். லின்னை வைத்துப் பேசி ஆறரை மணிக்கு நேரம் குறித்தார். அவருக்குக் கவுன், கணவருக்குத் தங்கச் சரிகை வைத்த ராஜகுமாரன் கோட்டு. தேவாலயத்தின் மேற்கு வாசல். காலை உணவின்போதே எச்சரித்தார்.

"சுபினுக்க அப்பா, கேட்டியளா? ஆறர மணி. மேக்கு வாசல். அந்தப் போட்டோகிராபர் புள்ளைக்கு அடுத்த ஆளு ஏழு மணிக்கு வந்துருவாவ."

"வாறேன்னு சொல்லுகேன்ல."

"நேத்தும் அதத்தான் சொன்னிய."

"இன்னைக்கு நூத்துக்கு நூறு."

ஆறேகாலுக்கு ஜோஸ்மி உடை மாற்றும் கடைக்குள் போனார். ஆறரை ஆயிற்று. ஆறே முக்கால் ஆயிற்று. கடைக்கதவு கொஞ்சம் திறந்தது. தலை மட்டும் வெளியே வந்தது. முடியைச் சுருட்டிவிட்டுக் கிரீடம் வைத்திருந்தார்கள். முகத்தில் இருந்த கவலை மட்டும் பழைய ஜோஸ்மி.

"மக்களே, நீ போய்க் கூட்டிட்டு வா. நீ அதிகம் பேசாத புள்ள. ஒங்கிட்ட அவியளுக்குத் தர்க்கம் பண்ண முடியாது."

ஓடினேன். எங்கே இருப்பார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மத்திய வீதியில் தோளில் மாடத்தைத் தாங்கி நிற்கும் சிலையின் முழங்காலை இன்பமணி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்ரீகாந்த், தோஹா படம் ஒன்றைக் கைப்பேசியில் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், மணி ஏழு ஆகப்போகுது."

"ஏழா!" என்றார். முகம் வெளுத்துவிட்டது. அதை அவருக்காகச் சொல்லியே ஆக வேண்டும். மறந்துபோனது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. பிறகு அந்த நூறு வருடக் கருங்கற்களின்மேல் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு ஃபோர்மேன் ஓடினார். இடுப்பு பெல்ட்டில் கைப்பேசி உறை குதிக்க, பின்னால் நானும், என்ன அவசரம் என்று தெரியாமலே ஸ்ரீகாந்தும் ஓடினோம். குச்சி ஐஸ் கடைக்கு முன்னால் நின்ற நீண்ட வரிசை ஒதுங்கி வழிவிட்டது.

சதுக்கத்துக்குள் நுழைந்தபோது ஏழு ஐந்து. கோபுரத்தின் பச்சையில் மட்டும் கொஞ்சம் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே நாற்பது இளவரசிகளாவது இருப்பார்கள். மூச்சு வாங்கியபடி இன்பமணி சுற்றிலும் பார்த்தார். மனைவியைத்தான் தேடினார், ஆனால் நீலச் சுடிதாரும் தோள்பையுமாகக் காலையில் பார்த்த ஜோஸ்மியைத் தேடினார். மேற்கு வாசலுக்கு முன்னால் ஒரு வெள்ளை கவுன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. முக்காடு காற்றில் அசைந்தது. இன்பமணியின் கண் அங்கே போய் நின்றுவிட்டது. அவ்வளவு நேரம் அவர் எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"ஓய் ஸ்ரீகாந்த்" என்றார் மெதுவாக. "அந்தச் சீனாக்காரியப் பாரும். அப்பிடியே எனக்க ஜோஸ்மி மாதிரி."

ஸ்ரீகாந்த் கைப்பேசியைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார்.

"அந்த நிப்பப் பாரும். தோளு ரெண்டும் நேரா. கல்யாணத்தன்னைக்குக் கோட்டாறு கோயில்ல எனக்கு முன்னால நடந்து போனா பாத்துக்கிடும், இப்பிடித்தான் இருந்துச்சு. நான் பின்னாலயே நடந்து, 'கர்த்தாவே, இது எனக்கா?'ன்னு நெனச்சேன். அம்புட்டு அழகு. இப்பவும்தான். என்ன, ஒருநாளும் சொன்னதில்ல. சொன்னா சிரிப்பா." அவர் ஸ்ரீகாந்த் பக்கம் திரும்பினார். "என்ன ஓய், பேச்சில்ல? தோஹால உண்டா இப்பிடி?"

ஸ்ரீகாந்த் தலையை ஆட்டினார். "இல்ல சார். தோஹால இல்ல." அந்தப் பயணத்தில் அவர் ஒப்புக்கொண்ட ஒரே தோல்வி அது.

கவுன் திரும்பியது. மெதுவாகத்தான் திரும்ப முடிந்தது. துணி அவ்வளவு இருந்தது. ஜோஸ்மியின் கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. நாற்பது நிமிடம் காத்திருந்த கோபத்தில் கரைந்ததா, இப்போது காதில் விழுந்ததில் கரைந்ததா என்று நான் கேட்கவில்லை.

"நல்லா இருக்கே கத" என்றார். "இருபத்திரண்டு வருஷத்துல வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்த. அதும் வேற ஒருத்தியப் பாத்து."

இன்பமணியின் நெற்றி சுருங்கியது. இது எதன் மாதிரி இருக்கிறது என்று அவர் மூளைக்குள் படங்களைத் தேடுவது வெளியே தெரிந்தது. தேடத் தேட ஒன்றும் கிடைக்காததும் தெரிந்தது. கடைசியில், பழக்கதோஷம், அவர் வலது கை விரல்களை மடக்கிக்கொண்டு தானாக முன்னால் நீண்டது.

"தட்டிப் பாக்காதிய" என்றார் ஜோஸ்மி. "ஒரிஜினல்தான்."

சதுக்கத்தில் எங்கள் மொழி தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். புகைப்படக்காரப் பெண் கோபுரத்தைக் காட்டி, கையை வேகமாகச் சுழற்றி ஏதோ கத்தினாள். அவளுடைய ஏழு மணி வாடிக்கையாளர், பதினெட்டு வயது இளவரசி ஒருத்தி, என்ன புரிந்ததோ, தன் இடத்திலிருந்து இரண்டு அடி தள்ளி நின்று வழிவிட்டாள். ராஜகுமாரன் கோட்டை மாட்ட நேரம் இல்லை. வியர்வை ஒட்டிய அரைக்கைச் சட்டையோடும் பெல்ட்டில் கைப்பேசி உறையோடும் இன்பமணி போய்ப் பக்கத்தில் நின்றார். நான்கு நிமிடம். பிறகு கோபுரத்தில் ஒட்டியிருந்த வெயிலும் போயிற்று.

இரவு உணவின்போது படம் லின்னின் கைப்பேசிக்கு வந்தது. மேசையைச் சுற்றி எல்லோரும் பார்த்துவிட்டு இன்பமணியிடம் கொடுத்தோம். கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். என்ன சொல்லப்போகிறார்? எந்த பெவிலியன்? எந்த மால்? அவர் நீண்ட நேரம் பார்த்தார்.

"சரியா வரல" என்றார். "நேர்ல இருந்த மாதிரி இல்ல."

ஜோஸ்மி குனிந்து கொழுக்கட்டையைக் குச்சியால் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். அதுவரை அந்தக் குச்சிகளை லாகவமாகப் பிடித்துக்கொண்டிருந்தவர்தான். அப்போது மூன்று முறை நழுவவிட்டார்.

இனி இன்பமணி திருந்திவிட்டார் என்று எழுதி முடித்தால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். ஊருக்குத் திரும்பும் ரயிலிலேயே ஜன்னலோரச் சோளக்கொல்லையைப் பார்த்து அவர் ஏதோ சொன்னார். ஆனால் அஜ்மானில் அவர் வீட்டுக் கூடத்தில் இப்போது அந்தப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. சட்டம் அவரே செய்தது: ஜிப்சத்தில் வார்த்த இரண்டு தூண், மேலே ஒரு வெங்காயக் கோபுரம். தட்டினால் 'டொக் டொக்' என்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நிற்கிறார்கள், கண்ணைச் சுருக்குகிறார்கள், பிறகு தவறாமல் ஒன்று கேட்கிறார்கள்.

"குளோபல் வில்லேஜ்ல எடுத்த மாதிரி இருக்கே அண்ணே?"

அப்போது இன்பமணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். "மாதிரியா? ஓய், அது நூறு வருஷத்துக் கோயிலு! ஒண்ணப் பாத்தா அதையே பாக்கத் தெரியாதா ஒமக்கு?" என்று கத்துகிறார். சமையலறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

இவ்வளவும் படித்த நீங்கள் இன்பமணியை நினைத்துச் சிரித்திருப்பீர்கள். சிரிக்கத்தானே எழுதினேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் எங்காவது நிறுத்தி, "இந்த ஆள் அப்படியே நம்ம சித்தப்பா மாதிரி", "எங்க ஆபீஸ் மேனேஜர் மாதிரி", "நம்ம வீட்டுக்காரர் மாதிரி" என்று மனத்துக்குள்ளாவது சொன்னீர்களா? சொன்னீர்களா இல்லையா?

சொல்லியிருந்தால், அசலைத் தட்டும்போது விரல் முட்டி பத்திரம்.